பார்க்கப்படாதவனின் திருட்டு: 'லூபின்' தொடரைக் குடும்பத்தோடு பார்ப்பது குறித்து

"குடும்பத்தோட உக்காந்து பாக்கலாமா தோழர்?" என்று நண்பர் கேட்டார். கூட்டம் ஒன்று முடிந்து தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு 'லூபின்' என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சித் தொடரில் வந்து நின்றிருந்தது. என் வீட்டில் நானும் மனைவியும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் என் அம்மாவும் அதைச் சேர்ந்துதான் பார்த்துக்கொண்டிருந்தோம். எனவே "தாராளமா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். வீடு திரும்பும் வழியில் அந்தக் கேள்வி உறுத்தத் தொடங்கியது. குடும்பத்தோடு பார்க்கலாமா என்று கேட்கும்போது நாம் உண்மையில் எதைக் கேட்கிறோம்? யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றுவதற்காக இந்தக் கேள்வி?

இதற்கு அரசும் கம்பெனியும் சேர்ந்து ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கின்றன. 2021 பிப்ரவரியில் இந்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், இணையம் வழியாக வரும் தொடர்களை எல்லோருக்கும், 7 வயதுக்கு மேல், 13க்கு மேல், 16க்கு மேல், வயதுவந்தோருக்கு மட்டும் என ஐந்தாகப் பிரிக்கச் சொல்கின்றன. பிரிக்க வேண்டியது வெளியிடுகிற கம்பெனியேதான். அமெரிக்காவில் 'லூபின்' தொடருக்கு வயதுவந்தோருக்கானது என்ற முத்திரை விழுந்தது. எதை வைத்து முத்திரை குத்துகிறார்கள்? ரத்தம் எவ்வளவு, உடம்பு எவ்வளவு, கெட்ட வார்த்தை எத்தனை, சிகரெட் உண்டா என்பதை வைத்து. நமது விதிகளின் இணைப்பில் சாதி, இனம், பாலினம், மதம் சார்ந்த தாக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டுமென்று ஒரு வரி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் திரையின் மூலையில் வந்து மறையும் எச்சரிக்கைகளில் நான் பார்த்ததெல்லாம் மொழி, வன்முறை, புகை ஆகியவைதான். 'வேலைக்காரர்மீது முதலாளி பழி போடும் காட்சி, பெற்றோர் துணையுடன் பார்க்கவும்' என்று ஓர் எச்சரிக்கை இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. அந்தப் பெற்றோரே முதலாளியாக இருக்கும் வீட்டில் அது வந்தும் என்ன ஆகப்போகிறது என்பது வேறு விஷயம்.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் கே, பிரான்சுவா உசான் இருவரும் உருவாக்கிய இத்தொடரின் முதல் பகுதி நெட்ஃபிளிக்ஸில் 2021 ஜனவரி 8 அன்று வந்தது. அதே ஆண்டு ஜூனில் இரண்டாவதும் 2023 அக்டோபரில் மூன்றாவதும் வந்தன. இம்மூன்றும் சேர்த்து 17 அத்தியாயங்கள். செனகலிலிருந்து பிழைக்க வந்த பபகார் தியோப், பாரிசில் பெல்லெக்ரினி என்ற பெரும் பணக்காரரின் வீட்டில் கார் ஓட்டுகிறார். பதின்வயது மகன் அஸான் கூட இருக்கிறான். அந்த வீட்டிலிருந்த வைர மாலை ஒன்று காணாமல்போகிறது. மரி அந்துவானெத் அரசியின் பெயரோடு சேர்ந்த மாலை. போலீஸ் நேராக டிரைவரிடம் வருகிறது. ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று நம்பவைக்கப்பட்டு, செய்யாத குற்றத்துக்குப் பபகார் கையெழுத்துப் போடுகிறார். பிறகு சிறைக்குள் தூக்கில் தொங்கிய நிலையில் பிணமாகிறார். மகனுக்கு அவர் விட்டுப்போனது ஒரு பிறந்தநாள் பரிசு: மொரீஸ் லெப்லான் எழுதிய ஆர்சென் லூபின் கதைப் புத்தகம். 25 ஆண்டுகள் கழித்து, அந்தப் புத்தகத்தையே வாழ்க்கைக்கு இலக்கணமாக வைத்துக்கொண்டு, பெயர்களையும் வேடங்களையும் மாற்றி மாற்றி ஊரை ஏமாற்றும் ஓர் எத்தனாக வளர்ந்து நிற்கிறான் அஸான். மாலையை எடுத்து வைத்துக்கொண்டு காப்பீட்டுப் பணத்தையும் வாங்கியவர் முதலாளியேதான் என்பது அவனுக்குப் பிற்பாடு தெரிகிறது.

எத்தன் என்கிற உருவத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1849இல் நியூயார்க்கில் வில்லியம் தாம்சன் என்பவன் பிடிபட்டான். நல்ல உடை, நல்ல பேச்சு. தெருவில் போகும் கனவான்களிடம் முன்பே பழகியவன்போலப் பேச்சுக் கொடுப்பான். என்மேல் நம்பிக்கை இருந்தால் உங்கள் கடிகாரத்தை நாளை வரைக்கும் என்னிடம் கொடுத்து வையுங்கள் என்பான். கொடுத்தார்கள். பத்திரிகைகள் அவனுக்கு 'நம்பிக்கை மனிதன்' என்று பெயர் வைத்தன. இன்று ஆங்கிலத்தில் எத்தர்களைக் குறிக்கும் சொல் அந்தப் பெயரின் குறுக்கம்தான். அவன் கைதான சில நாட்களிலேயே ஒரு நியூயார்க் நாளிதழ் கிண்டலாக எழுதியது: வால் தெருவில் மாளிகை கட்டி வாழ்கிறவர்கள் செய்வதும் இதே வேலைதான், இவன் அதைச் சின்ன அளவில் செய்ததால் மாட்டிக்கொண்டான் என்கிற பொருளில். 1857இல் மெல்வில் இந்த உருவத்தை வைத்து ஒரு நாவலே எழுதினார். நம்மிடம் எத்தன், ஃபிராடு, நாமம் போடுகிறவன், 'ஃபோர்ட்வென்டி' என்றெல்லாம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் 420ஆம் பிரிவு போய் புதிய சட்டத்தில் 318 ஆகிவிட்டது. வசவு மட்டும் பழைய எண்ணிலேயே நிற்கிறது.

ஆக, தாம்சனின் மூலதனம் அவனுடைய உடுப்பு. பார்த்தவுடனே 'நம்ம ஆள்' என்று தோன்றவைக்கிற உடுப்பு. அஸானின் மூலதனம் இதற்கு நேர் எதிரானது. 'லூபின்' என்கிற பிரதியை நான் முக்கியமாக நினைப்பதற்கு இதுதான் காரணம்.

முதல் அத்தியாயத்தில் அவன் லூவர் அருங்காட்சியகத்தில் துப்புரவுத் தொழிலாளி. அதே மனிதன் பிறகு கோட்டு சூட்டோடு, பால் செர்னின் என்ற பெயரில், அந்த வைர மாலையின் ஏலத்துக்குக் கோடீஸ்வரனாக வருகிறான். (அந்தப் பெயர் ஆர்சென் லூபின் என்பதன் எழுத்துகளைக் கலைத்துப் போட்டது. லெப்லானே தன் கதைகளில் விளையாடிய விளையாட்டு.) உண்மையான மாலை கடைசியில் ஒரு குப்பைத் தொட்டி வழியாக, துப்புரவுத் தொழிலாளியின் கையோடு வெளியே போகிறது. அவ்வளவு காமிரா, அவ்வளவு காவல். எல்லாம் மாலையைப் பார்க்கின்றன, கோடீஸ்வரனைப் பார்க்கின்றன. குப்பை அள்ளுகிறவன் மட்டும் பார்வைப் புலத்தில் இல்லை. மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களைப் பார்ப்பதில்லை என்பதை அஸான் ஓரிடத்தில் வெளிப்படையாகவே சொல்கிறான். அவன் சொல்லாமலே விட்டிருக்கலாம். காட்சியே அதைச் சொல்லிவிட்டது.

இரண்டாவது அத்தியாயம் இதைவிடக் கொடூரமானது. தகவல் ஒன்று வேண்டி அவன் சிறைக்குள் போக வேண்டும். அங்கே அடைபட்டிருக்கும் ஒரு கறுப்பின இளைஞனைப் பார்வையாளனாகச் சந்திக்கப் போய், இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். காவலர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இவ்வளவு பெரிய சிறையில் இது நடக்குமா என்று என் மனைவி கேட்டாள். தர்க்கப்படி நடக்காதுதான். ஆனால் இக்காட்சி சிறையின் நடைமுறையைப் பற்றியதல்ல. ஃபூக்கோவுக்குப் பிறகு, சிறை என்றால் கண்காணிப்பு, ஒவ்வொரு உடலையும் தனித்தனியாகப் பிரித்து அடையாளம் கண்டு பதிவு செய்கிற அதிகாரம் என்று நாம் படித்து வைத்திருக்கிறோம். இத்தொடர் அந்தக் கண்ணில் ஒரு பொத்தலைக் காட்டுகிறது. வெள்ளைக் காவலனின் கண்ணுக்குக் கறுப்பு உடல்கள் எல்லாம் ஒரே உடல். அவனுடைய இனவெறியே அவனைக் குருடாக்குகிறது. எத்தன் அந்தக் குருட்டுத்தனத்தின் மேல் நடந்து போய்விடுகிறான்.

ஃபனான் 1952இல் எழுதிய 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஓர் இடம் உண்டு. ஒரு வெள்ளைக் குழந்தை அவரைச் சுட்டிக்காட்டித் தன் தாயிடம் பயமாக இருக்கிறது என்று சொல்கிற இடம். அதை மற்றமை குறித்த கோட்பாடாகவே படித்து வந்த எனக்கு, இந்தக் கட்டுரைக்காகத் திரும்ப நினைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று பட்டது. அதுவும் ஒரு குடும்பப் பார்வைதான். குழந்தை தாயின் பக்கத்தில் இருந்துகொண்டு பார்க்கிறது. யாரைக் கண்டால் பயப்பட வேண்டும், யாரைக் கண்டும் காணாமல் இருக்க வேண்டும் என்கிற பாடம் பள்ளிக்கூடத்துக்கு முன்பே வீட்டுக் கூடத்தில் ஆரம்பித்துவிடுகிறது. 'லூபின்' முதல் அத்தியாயத்தில் பெல்லெக்ரினியின் மனைவி கார் மக்கர் செய்து நிற்கிறாள். உதவ வருகிற பபகாரைக் கண்டதும் கதவைப் பூட்டிக்கொள்கிறாள். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மகன் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். சீருடை இல்லாத கறுப்பன் அளவுக்கு மீறிக் கண்ணில் படுகிறான். சீருடை மாட்டியதும் கண்ணிலிருந்தே காணாமல் போகிறான். இரண்டும் ஒரே பார்வைதான். அஸான் செய்ததெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஸ்விட்சைக் கண்டுபிடித்ததுதான்.

தொடர் வெளிவந்த மாதத்தில் அஸானாக நடித்த ஒமார் சீ, பாரிஸ் மெட்ரோ நிலையத்தில் தொழிலாளி உடையில் ஏணி மேல் நின்று, தன் முகம் போட்ட சுவரொட்டியைத் தானே ஒட்டினார். கொரோனா காலம், முகக்கவசம் இருந்தது. போகிற வருகிறவர்கள் கண்டுகொள்ளவில்லை. விளம்பர உத்திதான், சந்தேகமில்லை. ஆனால் பிரான்சின் மிகப் பிரபலமான முகங்களில் ஒன்று அது. 2011இல் வந்து உலகம் முழுக்க ஓடிய, தமிழில் 2016இல் 'தோழா'வாக மறுஆக்கம் பெற்ற படத்தின் நாயகர் அவர். அந்தப் படத்திலும் அவர் ஏற்ற பாத்திரம் பணக்கார வீட்டுக்கு வேலைக்கு வருவதும், வந்த இடத்தில் ஒரு விலையுயர்ந்த அலங்கார முட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதுமாகவே ஆரம்பிக்கிறது. கறுப்பு உடலுக்குப் பிரெஞ்சு வெகுஜனப் பண்பாடு தரும் வேடங்கள் இவ்வளவுதான்போல.

இது புனைவு என்று ஒதுக்குகிறவர்களுக்கு: 2025 அக்டோபர் 19, ஞாயிறு காலை, பாரிசில் அதே லூவர் அருங்காட்சியகத்தின் அப்போலோ கூடத்தில் பட்டப்பகலில் கொள்ளை நடந்தது. சாமான் ஏற்றும் லிஃப்ட் பொருத்திய வண்டியைக் கட்டடத்தின் ஓரமாக நிறுத்தி, ஜன்னல் வழியாக ஏறி, சில நிமிடங்களில் 8 அரச நகைகளோடு போய்விட்டார்கள். மதிப்பு 8 கோடியே 80 லட்சம் யூரோ என்று அறிவிக்கப்பட்டது. அவர்களில் சிலர் மாட்டியிருந்தது வேலைத்தளத் தொழிலாளர்கள் போடும் பளிச்சென்ற மஞ்சள் மேல்சட்டை. தூரத்திலிருந்தே தெரியும்படி செய்யப்பட்ட சட்டை அது. தெரியாமல் இருப்பதற்காக அதை மாட்டிக்கொண்டார்கள். லெப்லானுக்குக்கூட இது தோன்றியிருக்காது.

லெப்லானிடம் திரும்புவோம். லூபின் முதன்முதலில் தோன்றியது 1905இல், ஒரு மாத இதழில். அடுத்தடுத்து வந்த கதைகளில் 'அரசியின் கழுத்தணி' என்ற ஒன்று உண்டு. ஒரு பிரபு வீட்டில், அந்த வீட்டுச் சீமாட்டியின் ஏழைத் தோழியை வேலைக்காரிபோல நடத்துகிறார்கள். கழுத்தணி காணாமல்போகிறது. பழி அவள்மேல் விழுகிறது. எடுத்தது அவளுடைய ஆறு வயது மகன். அவன்தான் பிற்காலத்து லூபின். தாயை அவமானப்படுத்தியதற்குப் பழிவாங்கவே பிள்ளை திருடுகிறான் என்கிற இந்த விதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே மூலத்தில் இருக்கிறது. தொடர் செய்தது அதற்கு நிறம் கொடுத்தது. செய்திருக்கிற மாற்றம் இன்னொன்றும் உண்டு: மூலத்தில் பிள்ளை உண்மையிலேயே எடுக்கிறான், தொடரில் தகப்பன் எடுக்கவே இல்லை. இதனால் பபகார் தூய்மையான பலியாளாகிவிடுகிறார். எனக்கு இது கொஞ்சம் சமரசமாகவே படுகிறது. எடுத்திருந்தால்தான் என்ன? எடுத்த டிரைவருக்காக நாம் அழுதிருப்போமா?

அந்தக் கழுத்தணியின் நிஜ வரலாறோ இன்னும் வேடிக்கை. 1784-85இல், ழான் தெ லா மோத் என்ற பெண், அரசிக்கு நெருங்கியவளாக நடித்து, அரசியின் தயவுக்கு ஏங்கிக்கொண்டிருந்த கார்டினல் ரொஹானை நம்பவைத்தாள். இரவில் வெர்சாய் தோட்டத்தில் அரசியின் சாயலுள்ள ஓர் ஏழைப் பெண்ணை அரசியாக நிறுத்தினாள். 16 லட்சம் லிவ்ர் மதிப்புள்ள மாலை நகை வணிகர்களிடமிருந்து கார்டினல் கைக்கு வந்து, அங்கிருந்து அவள் கைக்குப் போய், வைரங்கள் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டன. 1786 மே 31இல் தீர்ப்பு: கார்டினல் விடுதலை. அவளுக்குக் கசையடியும், திருடி என்பதன் முதலெழுத்தைத் தோளில் காய்ச்சிப் போடுவதும். மாலையை வாங்கவே செய்யாத அரசியைத்தான் மக்கள் கடைசிவரை திருடியாக நினைத்தார்கள். மூன்றே ஆண்டுகளில் புரட்சி வெடித்தது. ஆக, அஸான் அணிந்து விளையாடும் அந்த மாலை நிஜத்தில் அப்போதே சிதறிப்போன ஒன்று.

ஒரு கிழவி வரும் காட்சியையும் சொல்ல வேண்டும். அஸான் போலீஸ் வேடத்தில் பணக்காரக் கிழவி ஒருத்தியின் வீட்டுக்குப் போகிறான். திருடர் நடமாட்டம் இருக்கிறது, நகைகளைப் பத்திரப்படுத்தித் தருகிறேன் என்கிறான். அவளே எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட்டுக் கொடுக்கிறாள். வைரங்கள் பெல்ஜியக் காங்கோவில் அள்ளிக்கொண்டு வந்தவை என்று எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்கிறாள். என் மகள் இந்த இடத்தில் கைதட்டினாள். அம்மாவோ "பாவம்டா வயசானவ" என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது, சொல்லாமல் இருந்துவிட்டேன். 2019 நவம்பரில், பிரான்ஸ் கைப்பற்றி வைத்திருந்த எல் ஹாஜ் ஒமார் தாலின் வாள் என்று கருதப்படுவதை, அந்நாட்டுப் பிரதமர் செனகலிடம் ஒப்படைத்தார். பெனினுக்கு 26 பொருட்கள் 2021இல் திரும்பின. போனவை சொற்பம். அருங்காட்சியகங்களுக்குள் இருப்பவை எத்தனை ஆயிரம்! யார் யாரிடமிருந்து திருடியது என்கிற கேள்வியைக் கிழவியின் பைக்குள் போட்டு நம்மிடம் தருகிறது தொடர். வயது முத்திரை குத்துகிறவர்கள் இதையெல்லாம் எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

இனி என் வீடு. அம்மாவுக்கு ஆங்கில எழுத்து படிக்கத் தெரியாது. அதனால் கீழே ஓடும் வரிகளை நான்தான் உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கெட்ட வார்த்தைகளை எல்லாம் 'சனியனே', 'எருமமாடு' என்று மாற்றினேன். படுக்கையறைப் பேச்சை விழுங்கினேன். தணிக்கைக் குழுவை எதிர்த்துக் கட்டுரை எழுதுகிறவன் தன் சொந்தக் கூடத்தில் தணிக்கை அதிகாரியாக உட்கார்ந்திருந்தேன். ஆனால் பபகாரைப் போலீஸ் கூட்டிப்போகும் காட்சியில் மொழிபெயர்க்க எதுவும் இல்லை. அப்போது மகள் கேட்டாள்: "அப்பா, நம்ம வீட்ல அம்மாவோட தோடு காணாமப்போச்சுல்ல, அந்த மாதிரியா?"

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மனைவியின் தோடு ஒன்று காணாமல்போனது. கட்டிலுக்கு அடியில், குளியலறையில், எங்கும் இல்லை. மறுநாள் காலை பாத்திரம் தேய்க்க வந்த அக்காவிடம் மனைவி மிகத் தன்மையாகக் கேட்டாள், "பெருக்கும்போது எங்கயாச்சும் கண்ணுல பட்டுச்சாக்கா?" அவ்வளவுதான். குற்றம் சாட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. அந்த அக்கா பதில் சொல்லாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்து, எங்கள் எல்லோர் முன்னாலும் உதறிக் காட்டினார். இரண்டு பத்து ரூபாய் நாணயமும் ஒரு மாத்திரையும் விழுந்தன. "ஐயோ, அதெல்லாம் எதுக்குக்கா" என்று நாங்கள் பதறினோம். பதறினோமே தவிர, அவர் உதறும்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மூன்று வாரம் கழித்துத் தோடு தலையணை உறைக்குள் இருந்து விழுந்தது. கிடைத்துவிட்டது என்று அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் சந்தேகப்பட்டதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நாங்கள்தான் சந்தேகப்படவே இல்லையே.

இர்விங் கோஃப்மன் 1952இல் எழுதிய ஒரு கட்டுரை எத்தர்களின் தொழில் நுணுக்கம் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. ஏமாந்தவன் போலீசுக்குப் போய்விடக் கூடாது. அதற்காகக் கூட்டத்தில் ஒருவன் பின்தங்கி நின்று ஏமாந்தவனைச் சமாதானப்படுத்துவான்: விடுப்பா, உலகம் இப்படித்தான், நீ கெட்டிக்காரன்தான், நேரம் சரியில்லை. சூடு தணிக்கிறவன். கோஃப்மன் சொல்வது, சமூகமே இந்தச் சூடு தணிக்கும் வேலையை நிறுவனமாக்கி வைத்திருக்கிறது என்பது. வேலை பறிபோனவனுக்கு, தேர்வில் தோற்றவனுக்கு, கைவிடப்பட்டவளுக்கு, யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து 'இனி இவ்வளவுதான் நீ' என்பதை இதமாக ஒப்புக்கொள்ளவைக்கிறார்கள்.

'லூபின்' தொடரின் பிரச்சினையையும் நான் இங்கேதான் பார்க்கிறேன். முதல் இரண்டு அத்தியாயங்களில் மூட்டிய சூட்டை அதுவே தணிக்கத் தொடங்கிவிடுகிறது. ஐந்தாவது அத்தியாயத்தில் அஸானின் மகன் ராவுல் கடத்தப்பட்டதும் கதையாடல் திசை மாறுகிறது. அதன்பிறகு இது ஒரு தகப்பன் மகனைக் காப்பாற்றும் கதை. இரண்டாம் பகுதி முடிவில் பெல்லெக்ரினியின் வண்டவாளம் ஓர் அரங்கத்தில் கனவான்கள் முன்னிலையில் அம்பலமாகிறது. பழி தீர்ந்தது, நமக்கும் ஆறிவிட்டது. மூன்றாம் பகுதியில் குடும்பத்துக்காக அவன் போலீசிடம் தானே போய்விடுகிறான். லூவரில் அவனோடு தரை துடைத்த மற்றவர்கள் என்ன ஆனார்கள்? மாலை களவுபோன மறுநாள் யார் முந்தானையை உதறச் சொன்னார்கள்? காமிரா அந்தப் பக்கம் போகவில்லை. முன்னாள் மனைவி கிளேர் காத்திருப்பதற்காகவே படைக்கப்பட்டிருக்கிறாள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஃபூக்கோ 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில், தெருவில் விற்ற குற்றவாளிக் கதைப் பாடல்களின் இடத்தைத் துப்பறியும் இலக்கியம் பிடித்தபோது நேர்ந்ததைச் சொல்கிறார். குற்றம் என்பது அபூர்வமான மேதைகளின் கலையாக மாறியது. மக்கள் கூட்டத்துக்கு அதில் இருந்த பழைய பெருமிதம் பறிபோனது. கிராம்ஷியும் சிறைக் குறிப்புகளில், அதிமானிடன் என்கிற கருத்தின் மூலத்தை நீட்ஷேயைவிட 'மாண்டி கிறிஸ்டோ' போன்ற தொடர்கதைகளில் தேடச் சொல்கிறார். ஒடுக்கப்பட்டவனின் பகற்கனவு ஒரே ஒரு சாகசக்காரனின் உடம்பில் குடியேறிவிடுகிறது. அஸான் ஆறடிக்கு மேல் உயரம், எல்லாம் தெரிந்தவன், தோற்காதவன். அவனைப் பார்த்து மகிழ்கிற நாம் மறுநாள் லிஃப்டில் நம்மோடு வரும் துப்புரவுத் தொழிலாளியின் முகத்தைப் பார்க்கிறோமா? முதல் 28 நாளில் 7 கோடி வீடுகள் இதைப் பார்க்கும் என்று நெட்ஃபிளிக்ஸ் கணக்குச் சொன்னது. அப்போது அவர்கள் கணக்கில் இரண்டு நிமிடம் ஓடினாலே 'பார்த்தது'தான். பார்ப்பது என்ற சொல்லை வைத்து அவர்களும் நம்மிடம் ஒரு கடிகாரத்தை வாங்கிப் போயிருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், நண்பருக்கு நான் தந்த பதிலை மாற்றிக்கொள்ள மாட்டேன். சேர்ந்தே பாருங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் சிறையில் தூக்கு வருகிற இடத்தையும், பத்திரிகையாளர் கொல்லப்படும் நான்காவது அத்தியாயத்தையும், ஆறாவதில் எரியும் காரையும் பெரியவர்கள் முன்பே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. கார் எரியும்போது என் மகள் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டாள். தனியாக, கையில் செல்போனை வைத்துக்கொண்டு பார்த்தால் இது வெறும் சாகசம். கூடத்தில் நான்கு பேராக உட்காரும்போதுதான் யாராவது ஒருவர் கேட்கக் கூடாததைக் கேட்டுவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் அன்றிரவு அதைக் கேட்டது மகளோடு நிற்கவில்லை. டிவியை அணைத்த பிறகு அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, அந்த டிரைவர் எடுக்கலைன்னு அந்த வீட்டம்மாவுக்கு எப்பத் தெரியும்?" யாரும் பதில் சொல்லவில்லை. மனைவி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு அந்த அக்கா வந்தார். மனைவி சமையலறை வாசலில் நின்று, தோடு அப்போதே கிடைத்துவிட்டது, சொல்லாமல் விட்டது தப்பு என்று திக்கித் திணறிச் சொன்னாள். நானும் பின்னால் நின்றிருந்தேன். அவர் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே சொன்னார்:

"தெரியும்மா. பாப்பா அன்னைக்கே சொல்லிடுச்சு."